ஆறு சக்கர இழுவை

(ஏர்பேட்டில் எம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் மரபு. குறளையும் சிலம்பையும் எடுத்துரைக்க வல்ல புலவர் பெருமக்கள் இங்கு வீற்றிருக்கின்றனர். அவர்களுக்கு நடுவே, பத்தாம் வகுப்பு மட்டுமே தேறி, இரயில்வேயில் எழுத்தராய்ப் பணியாற்றும் எமக்குச் செயற்குழுவினர் ஒரு தலைப்பைத் தந்துள்ளனர். பிக்கப் வண்டியை ஆறு சக்கர இழுவை வண்டியாக மாற்றுவது எப்படி, மாற்றத்தான் வேண்டுமா என்பதே அது. தமிழ் விழாவில் பட்டறைப் பேச்சா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டா. பிழைப்பைத் தேடி வடக்கே வந்த நம் மக்களுக்குப் பிழைப்பைப் பற்றிய அறிவும் தமிழிலே கிடைக்க வேண்டும்.

இத்தலைப்பு எழுந்த காரணத்தையும் சொல்லிவிடுகின்றோம். நம் உறுப்பினர் குடும்பத்து இளைஞர் சிலர் தவணைக் கடனில் பிக்கப் வண்டி வாங்கியுள்ளனர். நெல்லும் நிலக்கடலையும் செங்கல்லும் ஏற்றிப் பிழைக்கின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயற்காட்டுப் பாதை சேறாகிவிடுகின்றது. வண்டி புதைகின்றது, டிராக்டரை அழைத்துக் கூலி கொடுத்து இழுக்க வேண்டியதாகின்றது. இந்நிலையில் பட்டறை ஒன்றில், “பின்னால் இன்னோர் இருசு சேர்த்து ஆறு சக்கரமும் இழுக்கும்படி செய்து தருகின்றோம், எந்தச் சேற்றிலும் ஏறும், சுமையும் இருமடங்கு ஏற்றலாம்” என்று கூறினார்களாம். செலவு சிறிதன்று. மற்றொரு கடன் வாங்கியே செய்தல் வேண்டும். “அண்ணா, நீங்கள் சரக்கு எடையோடு பழகியவர், இது நடக்குமா?” என்று அவர்கள் எம்மை வினவினர். அவ்வினாவிற்கு விடையே இவ்வுரை.

நாம் வாழும் இவ்விடத்தின் இயல்பையும் ஈண்டு நினைவிற் கொள்வோம். ரேணிகுண்டாவிற்கும் திருக்காளத்திக்கும் இடையில், கூடூர் செல்லும் இருப்புப் பாதையில் அமைந்தது ஏர்பேடு. முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்து, 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்குகின்றது. நம் புலவர்கள் பொன்முகலி என்று போற்றிய சுவர்ணமுகி ஆறு அருகே ஓடுகின்றது. கோடையில் அதன் படுகை வெறும் மணல். மழைக்காலத்தில் ஏரிக்கரைப் பாதைகள் களிச்சேறு. மணலும் சேறுமாகிய இவ்விரண்டுமே சக்கரத்திற்குப் பகை. ஆதலின் ஆறு சக்கர ஆசை நம் இளைஞர்களுக்கு வீணாகத் தோன்றியதன்று.

முதலில் சொற்களைத் தெளிவு செய்துகொள்வோம். சாலையில் ‘ஆறு சக்கர லாரி’ என்று நாம் சொல்வது, பின் இருசில் பக்கத்திற்கு இரண்டாக இரட்டைச் சக்கரம் பூட்டிய லாரி. அதற்கு இருசுகள் இரண்டே. யாம் இன்று பேசுவது அதுவன்று. மூன்று இருசுகள் இருத்தல் வேண்டும். அம்மூன்றையும் இஞ்சின் சுழற்றுதல் வேண்டும். இதனை 6 × 6 என்று குறிப்பார்கள். முதல் எண் சக்கர இடங்களின் தொகை. இரண்டாம் எண் இஞ்சின் சுழற்றும் இடங்களின் தொகை. நம் சாதாரண பிக்கப் 4 × 2. நான்கும் இழுப்பது 4 × 4. மூன்று இருசு இருந்து பின்னிரண்டு மட்டும் இழுத்தால் 6 × 4. சேர்த்த இருசு வெறுமனே உருண்டு சுமையை மட்டும் தாங்கினால் அது 6 × 2. பட்டறைக்காரர் எதைச் செய்து தருவதாகச் சொல்கின்றார் என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும். உருளும் சக்கரத்தைச் சேர்த்துவிட்டு இழுக்கும் சக்கரத்தின் பெயரைச் சொல்வதும் உண்டு.

இனி, சக்கரம் ஏன் இழுக்கின்றது என்பதைப் பார்ப்போம். இஞ்சினுக்கு எவ்வளவு வலிமை இருந்தாலும், அவ்வலிமை சக்கரமும் தரையும் பற்றும் இடத்தில்தான் பயனாகின்றது. அந்தப் பற்று, இழுக்கும் சக்கரத்தின் மேல் நிற்கும் எடையைப் பொறுத்தது. சுமையோடு 3 டன் எடையுள்ள பிக்கப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன் இருசில் 1 டன், பின் இருசில் 2 டன் என்க. உலர்ந்த தார்ச்சாலையில் எடையில் பத்தில் ஏழு பங்குக்கு மேலும் பற்றுக் கிடைக்கும். ஈரச் சேற்றில் பத்தில் மூன்று பங்கு கிடைத்தாலே பெரிது. பின் சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டிக்குச் சேற்றில் கிடைப்பது 2 டன்னில் பத்தில் மூன்று பங்கு, அதாவது 600 கிலோ இழுவை. எல்லாச் சக்கரமும் இழுத்தால் 3 டன்னில் பத்தில் மூன்று பங்கு, அதாவது 900 கிலோ.

இங்கே நம் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த 900 கிலோ, நான்கு சக்கரமும் இழுக்கும் 4 × 4 வண்டிக்கே கிடைத்துவிடுகின்றது. ஏனெனில் அதிலும் முழு எடையும் இழுக்கும் சக்கரங்களின் மேல்தான் நிற்கின்றது. நான்கை ஆறாக்கினால் எடை கூடுவதில்லை. ஆதலின் பற்றும் அந்த அளவில் கூடுவதில்லை. அப்படியாயின் ஆறாவதால் வரும் நன்மை யாது? புதையாமை. முன் சொன்ன வண்டியின் பின் சக்கரம் ஒவ்வொன்றும் 1 டன்னை அழுத்துகின்றது. பின்னால் இரண்டு இருசு இருந்தால் சக்கரத்திற்கு அரை டன். பாதி எடை பாதி ஆழந்தான் புதைக்கும் என்று கணக்காய்ச் சொல்ல இயலாது. ஆயினும் குறைவாகவே புதைக்கும். குறைவாய்ப் புதையும் சக்கரம் எளிதில் உருளும். மேலும் முன் சக்கரம் மிதித்து இறுக்கிய தடத்திலேயே பின் சக்கரங்கள் வருகின்றன. பள்ளத்தைக் கடக்கும்போது ஓர் இருசு தொங்கினும் மற்றிரண்டு தரையைப் பற்றி நிற்கின்றன. இவையே ஆறு சக்கரத்தின் மெய்யான ஆதாயங்கள்.

எம் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல இசைவு தருக. 1947-இல் இந்தியாவிற்கு வந்த டபிள்யூ.பி. என்னும் நீராவி எஞ்சினை மூத்தோர் அறிவர். குண்டு மூக்கோடு மெயில் வண்டிகளை இழுத்து வந்த அழகி அவள். முன்னால் நான்கு சிறு சக்கரம், நடுவில் ஆறு பெருஞ்சக்கரம், பின்னால் இரண்டு. அந்த ஆறே இழுக்கும் சக்கரங்கள். பக்கத்திற்கு மூன்றாக அவற்றை இரும்புத் தண்டுகளால் பிணைத்திருப்பார்கள். ஒன்று சுழன்றால் மூன்றும் சுழலும். ஒன்று வழுக்க மற்றவை விடா. 1962-இல் அமெரிக்காவிலிருந்து வரத் தொடங்கி, பின்னர் வாரணாசியில் செய்யப்பெற்ற டபிள்யூ.டி.எம். 2 டீசல் எஞ்சினுக்கு ஆறு இருசு. ஏறத்தாழ 113 டன் எடை. ஆறு இருசுக்கும் தனித்தனி மோட்டார். எடை முழுவதும் இழுவைக்குப் பயன்பட வேண்டும் என்பதே அவ்வமைப்பின் நோக்கம். ஈரத் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கினால் பெட்டியிலிருந்து மணலைத் தூவுவார்கள். தண்டவாளத்தில் பற்றுத் தரும் அதே மணல், ஆற்றுப் படுகையில் வண்டியை விழுங்குகின்றது. கீழே இரும்பு தாங்கி நின்றால் மணல் துணை. கீழும் மணலே ஆனால் அது பகை.

டபிள்யூ.பி. எஞ்சினைப் போல ஆறு சக்கரத்தையும் இறுகப் பிணைத்துவிட்டால் பிக்கப் ஓடுமா? ஓடாது என்பதை விளக்க வேண்டும். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகத் தொலைவு ஓடுகின்றது. உட்பக்கச் சக்கரம் குறைந்த தொலைவு ஓடுகின்றது. இரயிலில் இரு சக்கரமும் ஒரே இருசில் அசையாமல் பொருத்தப்பட்டவை. ஆயினும் சக்கரத்தின் விளிம்பு சற்றே சாய்வாய்க் கடையப்பட்டிருக்கும். வளைவில் சக்கரம் நகரும்போது வெளிப்புறம் பெரிய வட்டமும் உட்புறம் சிறிய வட்டமுமாக உருண்டு கணக்கைச் சரிசெய்துகொள்ளும். சாலை வண்டிக்கு அந்த வசதி இல்லை. அதற்காகவே இருசின் நடுவில் டிஃபரன்ஷியல் என்னும் பற்சக்கரக் கூட்டு இருக்கின்றது. இரு சக்கரங்களும் வேறு வேறு வேகத்தில் சுழல அது இடந்தருகின்றது. அதே வேளையில் இரண்டிற்கும் இழுவையைப் பங்கிடுகின்றது.

மூன்று இருசு இழுக்கும் வண்டியில் சக்கரத்திற்குச் சக்கரம் மட்டுமன்று, இருசிற்கு இருசும் வேறு தொலைவு ஓடுகின்றது. ஒரு டயர் தேய்ந்தும் மற்றொன்று புதிதாயும் இருந்தாலே சுற்றளவு மாறிவிடும். இருசுகளுக்கிடையே விட்டுக்கொடுக்கும் அமைப்பு இன்றி இறுகப் பிணைத்தால், தார்ச்சாலையில் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கிக்கொள்ளும். சேற்றில் சக்கரம் வழுக்கி அம்முறுக்கு அவிழ்ந்துவிடும். தாரில் அவிழ வழியில்லை. டயர் தேயும், அல்லது ஷாஃப்ட் முறியும், அல்லது பற்சக்கரம் பொடியாகும். ஆதலின் சாலையில் விட்டுக்கொடுக்கவும் சேற்றில் இறுக்கிப் பூட்டவும் வல்ல அமைப்பே நல்ல ஆறு சக்கர வண்டியின் உயிர்நிலை. ஜெர்மானிய மெர்சிடிஸ் நிறுவனம் 2013 முதல் சிறு தொகையில் செய்து விற்ற ஆறு சக்கர ஜி வண்டியில் இத்தகைய பூட்டுகள் ஐந்து இருந்தன என்றால், வேலை எத்துணை நுட்பமானது என்பது விளங்கும்.

இனி வரலாற்றைச் சற்றுக் காண்போம். பிக்கப் போன்ற சிறு வண்டியை நீட்டி ஆறு சக்கரமாக்கிய முயற்சி உலகில் நடந்ததா? நடந்தது; நன்றாகவே நடந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு டாட்ஜ் நிறுவனம் முக்கால் டன் சுமக்கும் 4 × 4 வண்டியைச் செய்து வந்தது. ஒரு சிறு படைக்குழுவில் 8 பேர் இருந்த நிலை மாறி 12 பேர் ஆயினர். ஒரே வண்டியில் அவர்கள் அனைவரும் ஏற வேண்டும். 1943-இல் அவ்வண்டியையே நீட்டி, மூன்றாம் இருசு சேர்த்து, ஒன்றரை டன் சுமக்கும் 6 × 6 ஆக்கினார்கள். முன்பு 98 அங்குலமாய் இருந்த சக்கர இடைவெளி 125 அங்குலம் ஆயிற்று. போர் முடிவதற்குள் நாற்பதாயிரத்திற்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. மாற்றாதது ஒன்று உண்டு: அதே 92 குதிரைத் திறன் இஞ்சின்தான். இஞ்சினைக் கூட்டாமல் சுமையை இருமடங்காக்கியதால், மெதுவாயினும் வலிவாய் இழுக்கும் தாழ்ந்த கியர் ஒன்றைக் கூடுதலாய் அமைத்தனர். அடிச்சட்டத்தையும் வலுப்படுத்தினர்.

அதே போரில் ஜி.எம்.சி. என்னும் இரண்டரை டன் 6 × 6 லாரிகள் ஐந்து இலட்சத்திற்கும் மேல் செய்யப்பெற்றன. அஸ்ஸாமின் லெடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனம் சென்ற மலைப்பாதையில் அவை உழைத்தன. 1945 சனவரி 12-இல் லெடோவை விட்ட முதல் வாகன அணி பிப்ரவரி 4-இல் குன்மிங் நகரை அடைந்தது. அந்தச் சேற்றையும் சரிவையும் கடந்த வண்டிகளே ஆறு சக்கர இழுவைக்குச் சான்று.

பிற்காலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் லாண்ட் ரோவர் 110 வண்டியில் இவ்வாறே செய்தனர். 1980-களின் இறுதியில் வந்த அவர்களின் 4 × 4 வண்டி 1 டன் சுமந்தது. அதன் உடன்பிறப்பாகிய 6 × 6 வண்டி 2 டன் சுமந்தது. இஞ்சின் இரண்டிற்கும் ஓரினமே. ஆறு சக்கரத்திற்கு மட்டும் டர்போ சேர்த்து வலிமை கூட்டினர். பின்பாதி அடிச்சட்டத்தைப் புதிதாகவே வகுத்தனர். ஆஸ்திரிய நாட்டவர் 1971-இல் வெளியிட்ட பின்ஸ்கௌவர் வண்டியிலோ, நான்கு சக்கரமும் ஆறு சக்கரமும் தொடக்கத்திலேயே ஒருங்கே திட்டமிடப்பட்டவை. நம் சென்னை எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தோன்றி, 1955-இல் அசோக் லேலண்ட் ஆன நிறுவனமும் இந்தியப் படைக்கு 6 × 6 லாரிகளைச் செய்து தருகின்றது. பீரங்கியை இழுத்துச் செல்லும் பணி அவற்றிற்கு உரியது.

இவ்வரலாற்றால் ஒன்று தெளிவாகின்றது. முக்கால் டன் ஒன்றரை டன் ஆயிற்று; ஒரு டன் இரண்டு டன் ஆயிற்று. ஆகவே ‘இருமடங்கு’ என்று பட்டறைக்காரர் சொன்ன சொல் பொய்யன்று. ஆனால் அந்த இருமடங்கிற்குத் தொழிற்சாலைகள் கொடுத்த விலையை அவர் சொல்லவில்லை. அதனை ஒவ்வொன்றாய் எண்ணுவோம்.

முதலாவது அடிச்சட்டம். வண்டியை நீட்ட வேண்டுமானால் சேசிஸை வெட்டி இடையில் இரும்பு சேர்த்து வெல்டிங் செய்தல் வேண்டும். அடிச்சட்டத்தின் எஃகு பதமறிந்து செய்யப்பட்டது. வெல்டிங் சூட்டில் பற்றுவைத்த இடத்திற்கு அருகே அப்பதம் கெடும். வெல்டிங் கோடு அழகாயிருக்கும். அதன் ஓரத்தில் மயிரிழை போன்ற வெடிப்பு மாதங்கள் கழித்துத் தோன்றும். சுமை ஏற்றிய நாளில்தான் அது வாய் திறக்கும்.

இரண்டாவது சமன்செய்தல். பின்னிரண்டு இருசுகளையும் தனித்தனி ஸ்பிரிங் பட்டையில் தொங்கவிட்டால் மேட்டில் ஏறும்போது ஒரே இருசு முழுச் சுமையையும் தாங்கும். மற்றொன்று காற்றில் தொங்கும். அரை டன்னுக்குக் கணக்கிட்ட சக்கரத்தின் மேல் ஒரு டன் வந்து அமரும். ஆகையால் நடுவில் அச்சில் ஆடும் சமன்கோல் ஒன்று வேண்டும். தராசுத் தண்டைப் போல ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கம் இறங்கி, இரண்டிலும் எடையைச் சமமாய் வைப்பது அது. நீராவி எஞ்சின்களில் ஸ்பிரிங்குகளை இத்தகைய சமன்கோல்களால் இணைத்திருப்பார்கள். சமன்கோல் இல்லாத மூன்றாம் இருசு, கூட்டுக் குடும்பத்தில் உழைக்காமல் உண்ணும் தம்பியைப் போன்றது. பாரம் வரும்போது அவன் இருக்கமாட்டான்.

மூன்றாவது இழுவையைக் கடத்துதல். கியர்ப் பெட்டிக்குப் பின்னால் முன்னிருசிற்கும் பின்னிருசுகளிற்கும் வலிமையைப் பிரித்தனுப்பும் பெட்டி ஒன்று வேண்டும். நடு இருசின் வழியாகவே ஒரு ஷாஃப்ட் ஊடுருவிக் கடைசி இருசிற்குச் செல்லும்படி செய்யலாம். அல்லது தனி ஷாஃப்ட் ஓட்டலாம். எப்படிச் செய்தாலும் மூன்று இருசிலும் பற்சக்கரங்களின் விகிதம் ஒன்றாய் இருத்தல் வேண்டும். பழைய இரும்புக் கடையில் கிடைத்த வேறொரு வண்டியின் இருசைப் பூட்டினால், ஒன்று 10 சுற்றுச் சுற்றும்போது மற்றொன்று 11 சுற்றுச் சுற்ற முயலும். அவ்வண்டி தன்னைத்தானே தின்னும். நம் சாதாரண பிக்கப்பின் முன் சக்கரத்தை இஞ்சின் சுழற்றுவதில்லை. ஆதலின் மெய்யான 6 × 6 வேண்டுமாயின் முன்னிருசையும் முழுதும் மாற்ற வேண்டும்.

நான்காவதே எல்லாவற்றினும் தலையாயது. அது பிரேக். ஓடும் வண்டிக்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல், எடை இருமடங்கானால் இருமடங்காகும். வேகம் இருமடங்கானால் நான்மடங்காகும். அவ்வளவும் பிரேக்கில் சூடாக மாறியே தீர வேண்டும். மூன்றாம் இருசுக்குப் பிரேக் வேண்டும். அதற்கு எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், நான்கு சக்கரத்திற்கு அளவானது; ஆறிற்குப் பிரித்தால் பெடல் அடிவரை இறங்கிவிடும். முன் பின் பிரேக்குகளின் பங்கீடும் பழைய எடைக்கு வகுத்ததாகவே நிற்கும். சேற்றில் ஏறாத வண்டியால் ஒரு நாள் கூலிதான் போகும். நில்லாத வண்டியால் உயிர் போகும்.

அன்பர்களே, இவ்வூரில் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 2017 ஏப்ரல் 21 அன்று, மணல் அள்ளுவதை எதிர்த்து முறையிட வந்து நம் ஏர்பேட்டுக் காவல் நிலையத்தின் முன் கூடியிருந்த முனகலபாலம் மக்கள் மீது லாரி ஒன்று பாய்ந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் உயிர் நீத்தனர். அதன் காரணங்களை ஆராய்வது எம் வேலையன்று. அந்த லாரி மாற்றியமைக்கப்பட்டது என்றும் யாம் கூறவில்லை. கட்டுக்கடங்காத எடை சாலையில் ஓடினால் அதன் முன் நிற்பவர் யார் என்பதை மட்டும் நினைவுறுத்துகின்றோம். வயலிலிருந்தும் வீட்டிலிருந்தும் வந்த நம் போன்றவர்களே நிற்பார்கள். சுமையைக் கூட்டுபவன் தன் இலாபத்தை மட்டும் கணக்கிடுதல் தகாது.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாகும்படி வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது என்கின்றது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. அதே 2019-இல் வந்த திருத்தத்தின்படி, விதிக்கு மாறாக வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு, மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் தண்டமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். தண்டம் கட்டிவிடலாம் என்று எண்ணற்க. பதிவுச் சான்றில் நான்கு சக்கரம் என்றிருக்க, சாலையில் ஆறு சக்கரம் ஓடி ஒரு விபத்து நேர்ந்தால், காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே போதும். அப்போது இழப்பீட்டுக்கு வீடும் நிலமும் ஈடாகும்.

“பெரிய லாரிகளுக்கு இருசு கூடினால் சுமையும் கூடுகின்றதே?” என்று கேட்கலாம். உண்மைதான். 2018 சூலையில் அரசு எடை வரம்பை உயர்த்தியபோது, இரண்டு இருசு லாரிக்கு மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன் ஆயிற்று; மூன்று இருசு லாரிக்கு 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. ஓர் இருசு கூடினால் 10 டன் கூடுகின்றது. ஆனால் அவ்வரம்பு, தொழிற்சாலை வகுத்து, சோதனைச்சாலை தேர்ந்து, சான்று பெற்ற வண்டிக்கே உரியது. பட்டறையில் சேர்த்த இருசுக்கு ஒரு கிலோவும் கூடாது.

இதை வைத்துக் கணக்கை முடித்துப் பார்ப்போம். நம் பிக்கப்பின் பதிவுச் சான்றில் மொத்த எடை 3 டன் என்க. வெறும் வண்டி 1.7 டன், சுமை 1.3 டன். மூன்றாம் இருசு, அதன் சக்கரங்கள், ஸ்பிரிங், நீட்டிய சட்டம், பிரித்தனுப்பும் பெட்டி எல்லாம் சேர்ந்து 300 கிலோ என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். மொத்த எடை வரம்பு மாறவில்லை. ஆகவே சட்டப்படி ஏற்றத்தக்க சுமை 1300 கிலோவிலிருந்து 1000 கிலோவாகக் குறைகின்றது. கடன் வாங்கி, வண்டியை வெட்டி, டயர் இரண்டு கூட்டி, டீசல் கூடச் செலவழித்து, முன்னிலும் குறைவாய்ச் சுமப்பதற்கா இவ்வளவும்? வரம்பை மீறினால்தான் இலாபம் என்றால், அந்த இலாபம் ஆறு சக்கரத்தால் வந்ததன்று, மீறலால் வந்தது. எம் இரயில்வேயில் வாகனுக்குக் குறித்த எடையைக் கடந்தால் நிலையத்திலேயே சரக்கை இறக்கிவிட்டுத் தண்டக் கட்டணமும் வாங்குவோம். ஏனெனில் இருசு தாங்கும் எடைதான் பாதை தாங்கும் எடை.

அப்படியானால் சேற்றுக்கு என்ன வழி? யாம் எண்ணிய அளவில் சில சொல்கின்றோம். முதலாவது, மழைக்காலத்தில் சுமையைக் குறைத்து இரு நடையாக ஏற்றுதல். ஒரு நடையின் டீசல், டிராக்டர் கூலியினும் குறைவே. இரண்டாவது, மணலில் இறங்குமுன் டயரின் காற்றைச் சிறிது குறைத்தல். டயர் படிந்து அகன்று தரையை அதிகமாய்த் தழுவும், எடை பரவும், புதைவது குறையும். மெதுவாகவே ஓட்டி, சாலைக்கு வந்ததும் மறவாமல் மீண்டும் காற்றடித்தல் வேண்டும். மூன்றாவது, அடுத்த வண்டி வாங்கும்போது தொழிற்சாலையே செய்த 4 × 4 பிக்கப்பை வாங்குதல். நாம் முன்பு கண்ட 900 கிலோ இழுவை அதிலேயே கிடைக்கின்றது. சான்றும் காப்பீடும் உடன் வருகின்றன. நான்காவது, வண்டிக்காரர்கள் கூடி வயற்பாதையின் பள்ளமான இடங்களில் மட்டுமாவது கப்பிக்கல் பரப்புதல். வண்டிக்கு வண்டி இருசு சேர்ப்பதினும் ஒரு பாதையைச் சேர்ந்து செப்பனிடுவது மலிவு. இதற்கு நம் சங்கமே முன்னின்று ஊராட்சியை அணுகலாம். தெலுங்கு பேசும் அயலாரும் அதே சேற்றில்தான் புதைகின்றனர், அவர்களும் தோள் கொடுப்பர்.

இத்தொழிலையே கற்க வேண்டும் என்னும் ஆர்வம் நம் இளைஞர்க்கு இருப்பின் அதனை யாம் தடுக்கவில்லை, போற்றுகின்றோம். 2015-இல் தொடங்கப்பெற்ற திருப்பதி ஐ.ஐ.டி.யின் வளாகம் இன்று நம் ஏர்பேட்டுப் பகுதியிலேயே எழுந்து நிற்கின்றது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் வண்டிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் மைய அரசின் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. வரைபடம் போட்டு, கணக்கிட்டு, சோதனைக்கு உட்படுத்திச் செய்தால் அது பொறியியல். பழைய இருசை வெட்டி ஒட்டினால் அது சூதாட்டம். நம் பிள்ளைகள் முன்னதற்குச் செல்லட்டும்.

முடிவுரையாக ஒன்று சொல்லி அமைகின்றோம். சக்கரத்தின் எண்ணிக்கையால் மட்டும் வண்டி வலிமை பெறுவதில்லை. ஆறும் சுமையைச் சமமாய்த் தாங்க வேண்டும். ஆறும் இழுக்க வேண்டும். திரும்பும்போது ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்க வேண்டும். நில் என்றால் ஆறும் நிற்க வேண்டும். இந்நான்கும் அமைந்தால்தான் அது ஆறு சக்கர இழுவை. எம்மை வினவிய இளைஞர்களுக்கு எம் விடை இதுவே: இந்த வண்டியில், இந்தப் பட்டறையில், இந்தக் கடனில் வேண்டா. அந்தப் பணத்தை இருக்கும் தவணைக்குக் கட்டுங்கள். மழை விடும்வரை சுமையைக் குறைத்து ஓட்டுங்கள். இரவு நேரத்தோடு வீடு திரும்புங்கள்.